எப்போது வந்தோம் என்ற கேள்வி

சென்ற தவணையில் ஒருநாள் வரலாற்று ஆசிரியர் லீவு. அந்தப் பாடவேளைக்குத் தரம் 10 வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். நான் தமிழ் படிப்பிக்கிறவன். சும்மா இருக்கவிடாமல் புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். அநுராதபுரம், பொலன்னறுவை, குளங்கள், கோட்டை, கண்டி என்று பிள்ளைகள் மாறிமாறி வாசித்துக்கொண்டு வந்தார்கள். முஸ்லிம்கள் வியாபாரத்துக்காக வந்து கரையோரங்களில் குடியேறினார்கள் என்ற இடம் வந்ததும் பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான்.

"சேர், மத்த எல்லாரும் இஞ்ச இருந்த ஆக்கள். நாங்க மட்டுந்தான் வந்தயா? எப்ப வந்த நாங்க?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஜயனும் வந்தவன்தானே என்று சொல்லிச் சமாளித்தேன். அது கெட்டித்தனமான பதிலே தவிரச் சரியான பதில் இல்லை. அன்றிலிருந்து நம் வரலாற்று நூல்களை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியையே 100 வருடத்துக்கும் மேலாக நாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நம் எழுத்தின் பெரிய குறை அதுதான் என்று எனக்குப் படுகிறது.

கேள்வி எங்கே தொடங்கியது? சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் 1827இல் நம்மவர் மத்தியில் வழங்கிய ஒரு மரபுக்கதையைப் பதிவு செய்தார். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீபா அப்துல் மலிக் பின் மர்வானின் கொடுமைக்குத் தப்பி வந்த ஹாஷிம் குலத்தார் இந்தத் தீவில் குடியேறினார்கள் என்பது கதை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஏசியற்றிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை படித்தார். சோனகர் இனத்தால் தமிழரே, மதம் மாறியவர்கள், காயல்பட்டினத்தோடு தொடர்புடையவர்கள் என்பது அவர் கட்சி. அப்போது அவர் சட்டசபையில் தமிழ் பேசுவோரின் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருந்த நேரம் அது. மறுவருடமே, 1889இல், எம். சி. அப்துல் ரஹ்மான் நியமனம் பெற்றார். இதை வைத்துப் பார்த்தால் அந்தக் கட்டுரை வெறும் ஆராய்ச்சி இல்லை என்பது விளங்கும். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் நூலாகவே மறுப்பு எழுதினார். பேசும் மொழியை வைத்து ஓர் இனத்தைத் தீர்மானிக்க முடியாது என்று அவர் வாதாடிய விதத்தை இன்றைக்கும் மாணவர்களுக்குக் காட்டலாம். அந்த ஆள் இல்லாவிட்டால் நம் பக்கம் பேச எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இராமநாதன் விரித்த பாயிலேயே அஸீஸும் உட்கார்ந்தார். இரத்தம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார்; இவர் அரபிலிருந்து என்றார். இந்தத் தீவில் இத்தனை நூற்றாண்டு என்ன செய்தோம், எதை உண்டோம், எந்த வயலை விதைத்தோம் என்ற கேள்வி இரண்டு பேரிடமும் பின்னுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த நம் நூல்களும் ஊர் மலர்களும் பெரும்பாலும் அதே பாயில்தான். முதல் அத்தியாயம் அரேபியா, இரண்டாவது வாணிபம், மூன்றாவது நேராகச் சட்டசபை. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் என்ற வகையில் எனக்கு இதில் ஒரு சொந்தச் சங்கடமும் உண்டு. தமிழ் எங்கள் வீட்டுமொழி. அதைச் சொல்வதற்கு நான் தமிழன் என்று ஒப்ப வேண்டியதுமில்லை, அரபுக்காரன் என்று காட்டத் தமிழை இரவல் மொழி என்று சொல்ல வேண்டியதுமில்லை.

மூலங்கள் இந்தக் கட்சிகளுக்கு அடங்குவனவாக இல்லை. காலியில் 1911இல் ஒரு கல் கண்டெடுக்கப்பட்டது. மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. திருப்பிப் பார்த்தால் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் எழுத்து. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் இந்தக் கல் சீனத் தளபதி செங் ஹேயின் கடற்பயணத்தோடு வந்தது. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில்கொண்ட தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பேரிலும் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துவிட்டது. ஆனாலும் வாசிக்க முடிந்த அளவில் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மற்ற இரண்டையும் ஒத்திருக்கிறது.

இந்தக் கல்லை மேடையில் நாம் அடிக்கடி உதாரணம் காட்டுகிறோம், முஸ்லிம்களின் தொன்மைக்குச் சான்று என்று. எழுத்து அரபு எழுத்து, மொழியோ பாரசீகம் என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. 65 வருடத்துக்கு முன், 1344இல், இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கியபோது அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி பாரசீகம் விளங்கிக்கொண்டதாக எழுதுகிறார். கொழும்பில் ஜாலஸ்தி என்ற அதிகாரியிடம் 500 ஹபஷிகள் இருந்தார்களாம். பாவாதமலைக்குப் போகும் வழியில் ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு உத்மானைப் பற்றிச் சொல்கிறார். ஆக, அந்தக் காலத்து முஸ்லிம் என்றால் பாரசீகன், ஹபஷி, மலபார்க்காரன், காயல்காரன், இந்த மண்ணில் பெண்ணெடுத்தவன், இந்த மண்ணிலேயே கலிமாச் சொன்னவன் எல்லாரும்தான். ஒரே கப்பலில் ஒரே நாளில் வந்தவர்களைத் தேடினால் கிடைக்காது.

லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூலை நம்மவர்கள் கொண்டாடினோம். கொண்டாட வேண்டிய நூல்தான். 900 தொடக்கம் 1915 வரை ஆயிரம் வருட இன இணக்கம் என்பது அதன் தலைப்பின் கருத்து. கண்டி இராச்சியத்தில் தவளம் கொண்டுபோன முஸ்லிம்கள், அரண்மனை வைத்தியர்கள், மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பகுதியில் ஊழியம் செய்தவர்கள், விகாரை நிலங்களில் இருந்தவர்கள் என்று அவர் திரட்டித் தருவது பெரிய செல்வம். என் குறை வேறு. இவை எல்லாம் மன்னர்களின் பெருந்தன்மையாகச் சொல்லப்படுகின்றன. நிலம் பெற்றவன் அதற்கு இராஜகாரியம் செய்தான். பக்கத்து வீட்டுச் சிங்களவனும் அதைத்தான் செய்தான். அப்படியானால் அவன் குடி. அவனை ஏன் விருந்தாளியாக எழுத வேண்டும்? 1915இல் கோடு போட்டதையும் நான் குறை சொல்லமாட்டேன், எல்லை போடுவது ஆசிரியர் உரிமை. ஆனால் இணக்கம் என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடக்கியதால், 1915 வெசாக் இரவில் கண்டியில் தொடங்கியது ஏன் என்று அந்தப் புத்தகத்தை வைத்து ஒரு மாணவனுக்கு விளக்குவது கஷ்டம்.

வந்தவர் என்று எழுதப்பட்டவர்களைப் போ என்றும் சொல்லலாம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. கட்டளை போட்டவர்கள் சரித்திரம் படித்துவிட்டு வந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சோனகத் தெருவில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை ஒரு பகலில் அனுப்பிவிடலாம் என்ற நினைப்பு ஒரு மனதில் சும்மா முளைக்காது.

நம் கிழக்கைப் பாருங்கள். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதியிலிருந்து துரத்திய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றான், சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்பது எல்லா நூலிலும் வரும் ஒரு வரி. அடுத்த வரி எங்கே? அவர்கள் போடியார் ஆனதும், வட்டை வட்டையாக நெல் விதைத்ததும், களவெட்டியில் பொலி தூற்றியதும், தாய்வழிக் குடிமுறையைத் தமிழரோடு பொதுவாக வைத்துக்கொண்டதும், காணியைப் பெண்பிள்ளைக்கு எழுதியதும் எந்த அத்தியாயத்தில் இருக்கிறது? வியாபாரச் சமூகம் என்று நம்மை மற்றவர்கள் சொன்னால் கோபப்படுகிறோம். நம் நூல்களும் அதைத்தானே சொல்கின்றன! அஞ்சல் தலை வெளியிடப்பட்ட பெரியவர்களுக்கு நினைவு மலர் போடுகிறோம். பள்ளிவாசலில் கறையான் அரிக்கும் பழைய கணக்குக் கொப்பிகளை, காவின் புத்தகங்களை, அரபுத்தமிழ்க் கிதாபுகளை யாரும் பிரதி எடுப்பதில்லை. நானும் எடுத்ததில்லை.

அந்தப் பிள்ளையிடம் பிறகு சொன்னேன், வீட்டில் பழைய கடதாசி ஏதும் இருந்தால் கொண்டு வா என்று. இரண்டு வாரம் கழித்து ஓர் உறுதி கொண்டுவந்தான். அவனுடைய மூத்தம்மாவின் உம்மாவுக்குச் சீதனமாக எழுதிய வயற்காணி. எழுத்து நொத்தாரிசுத் தமிழ், மடிப்புகளில் கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. எல்லைகளை அவனையே வாசிக்க விட்டேன். வடக்கில் கோயிற்காணி, கிழக்கில் வாய்க்கால், தெற்கில் ஒரு கைம்பெண்ணின் காணி, மேற்கில் வண்டிப்பாதை. கோயிற்காணி இப்போதும் அப்படியே இருக்குது சேர், வண்டிப்பாதைதான் றோட்டாப் போன என்றான். பின்னேரத்துக்குள் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி அவன் உம்மா சொல்லி அனுப்பினாவாம். கந்தோருக்குப் போய்ப் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு கொடுத்துவிட்டேன்.