கேட்போர் யார்? இளையோர்க்கான நூற்பரிந்துரையில் விடுபட்ட ஓர் உறுப்பு

நூலொன்றின் சிறப்புப்பாயிரம் தெரிவிக்க வேண்டியனவாக நன்னூல் எட்டினைக் கூறுகின்றது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களன், காரணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உண்டு. சிறார்க்கும் பதின்பருவத்தினர்க்கும் இன்று எழுதப்படும் நூற்பரிந்துரைக் குறிப்புகளை இவ்வெட்டுடன் பொருத்திப் பார்த்தால் ஒரு குறை புலப்படும். ஆக்கியோன், நூற்பெயர், நுதலிய பொருள் ஆகியன தவறாமல் இடம்பெறுகின்றன. பயன் தேவைக்கு மேலாகவே பேசப்படுகின்றது. கேட்போர் என்னும் உறுப்போ ‘10 வயதுக்கு மேல்’, ‘12 முதல் 16 வரை’ என ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது. இச்சுருக்கம் எத்தகைய தவறான வாசிப்புகளுக்கு இடம் தருகின்றது என்பதைச் சில நூல்களின்வழி இக்கட்டுரை ஆராய்கின்றது.

கேட்போர் என்பதை வயதாக நம் மரபு கொண்டதில்லை. முன்பு எதனைக் கற்றவர் இதனைக் கேட்கத் தகுதியுடையவர் என்னும் நோக்கிலேயே உரைமரபு அதனை விளக்கும். திண்ணைப் பள்ளியிலும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்று நூல்களுக்கு ஒரு முறைவைப்பு இருந்தது. முன்னதை முடித்தவன் பின்னதற்குச் சென்றான், அவனுக்கு ஏழு வயதா பத்து வயதா என்பது இரண்டாம் நிலைக் கேள்வியே. அம்முறையின் பிற குறைகள் பல. மனப்பாடமும் பிரம்பும் அதனுடன் பிரியாது வந்தவை. ஆயினும் கேட்போனின் ஆயத்தத்தை அது கணக்கில் கொண்டது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறுநூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என வாசிப்புத்திறன் அடிப்படையில் வகுத்திருப்பது, அறிந்தோ அறியாமலோ, இப்பழைய நெறிக்கு மீண்டும் அருகில் வருகின்றது.

எனினும் வாசிப்புத்திறன் என்பது எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆற்றலோடு நின்றுவிடும் ஒன்று. பதின்பருவத்து வாசகர்க்குச் சொற்கள் தடையாக இருப்பதில்லை. அவர் முன்னுள்ள கேள்வி, இந்நூல் தம்மிடம் பேசுகின்றதா, தம்மைப் பற்றிப் பிறரிடம் பேசுகின்றதா என்பது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றிய காலம் முதல் அழ. வள்ளியப்பாவும் அவர்தம் தோழர்களும் குழந்தையிடம் நேரே பேசும் ஒரு மொழியைக் கட்டி எழுப்பினர். அம்மொழி ஏறத்தாழப் பன்னிரண்டு வயதோடு முடிந்துவிடுகின்றது. அதற்குமேல் ஒரு வெற்றிடம். விருதுகளும் இதனையே காட்டுகின்றன. சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்கி வருகின்றது. பதின்பருவத்தினர்க்கான நூலுக்கெனத் தனி விருது இல்லை. யுவ புரஸ்கார் இருக்கின்றதே எனலாம். அது எழுதுவோரின் வயதைப் பார்ப்பது, படிப்போரின் வயதை அன்று!

வெற்றிடத்தை நிரப்பப் பரிந்துரையாளர்கள் பெரிதும் நம்பும் நூல்களுள் ஒன்று இரா. நடராசனின் ‘ஆயிஷா’. கணையாழி குறுநாவல் போட்டியில் பரிசு பெற்று, பின்னர்ச் சிறுநூலாகப் பல பதிப்புகள் கண்ட படைப்பு இது. ஓர் அறிவியல் நூலுக்கு அதன் ஆசிரியை எழுதும் முன்னுரை என்னும் வடிவில் அமைந்தது. ஓயாது வினவும் மாணவி ஆயிஷா, வினவியதற்காகவே அடிபடுகின்றாள். அடியின் வலி உறைக்காதிருக்க ஒரு வேதிப்பொருளைத் தன் உடலிலேயே சோதித்து மாண்டுபோகின்றாள். இக்கதையை மாணவர்க்குப் பரிந்துரைப்பது பரவலான வழக்கம். ‘வினா எழுப்பும் துணிவை வளர்க்கும்’ என்பது குறிப்புகளில் பொதுவாகக் காணப்படும் பயன்.

முதுகலை பயின்ற நாளில் ஒரு பள்ளி நூலகத்திற்குப் பட்டியல் அமைத்துக் கொடுத்தபோது இக்கட்டுரையாளரும் அவ்வாறே எழுதினார். சில வாரங்களுக்குப் பின் அங்குச் சென்றபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நூலைத் திருப்பித் தந்தவாறு, “இது எங்களுக்கு எழுதுன கதையா, டீச்சருங்களுக்கு எழுதுன கதையா அக்கா?” என்று கேட்டாள். அன்று விடை கூற இயலவில்லை.

அக்கேள்விக்குக் கதையின் வடிவமே விடை தருகின்றது. கதைசொல்லி ஆசிரியை. கதைக்குள் மாற்றம் அடைபவரும் அவரே. குற்றவுணர்வு அவருடையது, அதன் விளைவாகப் பிறக்கும் நூலும் அவருடையது. ஆயிஷாவின் உள்ளத்தை நாம் ஒருபோதும் உள்ளிருந்து காண்பதில்லை; அவள் கேட்ட வினாக்களாகவும் பெற்ற காயங்களாகவும் மட்டுமே நம்மை வந்தடைகின்றாள். எனவே இப்படைப்பின் கேட்போர் ஆசிரியர்களே. அவர்களைச் சுடும் ஆற்றலில்தான் இதன் வெற்றி உள்ளது. அதே கதையை மாணவியின் கையில் துணையின்றிக் கொடுக்கும்போது ‘பயன்’ தலைகீழாகக்கூடும்: வினவுபவள் இறந்துபோகின்றாள், அவள் இறந்த பின்னரே பெரியவர்கள் திருந்துகின்றனர். பதினான்கு வயதினர் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வர் என்பதைப் பரிந்துரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டாவா? இது படைப்பின் குறையன்று. பாயிரம் எழுதியோரின் குறை.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (பால சாகித்திய புரஸ்கார், 2020) இதற்கு மறுதலையான சான்று. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறல் என்னும், பெரியவர்களே பேசத் தயங்கும் பொருளை எடுத்துக்கொண்டபோதும் இந்நாவலின் குரல் சிறுமியை விட்டு விலகுவதில்லை. உண்மையைச் சொல்பவர் ஆசிரியரோ அன்னையோ அல்லர், பேசும் மரப்பாச்சி. பொம்மை சிறுமியினும் சிறியது. ஆதலால் அறிவுரை மேலிருந்து விழுவதில்லை. சில இடங்களில் பொம்மையின் பேச்சு பாடநூல் நடையை நெருங்கிவிடுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கேட்போர் யார் என்பதில் நூலுக்குக் குழப்பம் இல்லை. பொருளின் கடுமையை மட்டும் நோக்கி இதனை உயர்வகுப்புகளுக்குத் தள்ளுவோர், யாருக்காக இது பேசுகின்றதோ அவர்களிடமிருந்தே இதனைப் பறித்துவிடுகின்றனர்.

இனி, எவர் பட்டியலிலும் எளிதில் இடம்பெறாத நூல்கள். கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடி அலையும் கரிசல் சிறுவனின் கதை. வட்டார வழக்குக் கடினம் என்பது இதற்கு எதிராகச் சொல்லத்தக்க காரணம். கிராமத்துப் பிள்ளைகள் பேசும் சொற்கள் அவர்களுக்கே கடினம் எனக் கருதுவது விந்தை. நகரத்து வாசகர்க்கும் பறவைப் பெயர்கள் அறியாதவையே தவிர அடைய முடியாதவை அல்ல. கதையில் வரும் சிறுவனும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டவைதாம் அவை.

பூமணியின் ‘வெக்கை’ (1982) இன்னும் சிக்கலானது. பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் அண்ணனின் சாவுக்குப் பழிவாங்கி ஒருவனை வெட்டிவிட்டுத் தந்தையுடன் தலைமறைவாகத் திரியும் எட்டு நாள்கள் நாவலின் களம். வயதால் நோக்கின் தமிழின் மிகச்சிறந்த பதின்பருவ நாவல் இதுவே என்பேன். ஆயினும் கொலை உள்ளது என்பதனால் பள்ளிப் பட்டியல்கள் இதனைத் தீண்டா. உள்ளே இருப்பதோ பெரும்பகுதி வேறு: காட்டில் சோறு பொங்குவது, மறைவிடம் தேடுவது, தந்தையும் மகனும் முதன்முறையாகச் சரிநிகராக அமர்ந்து பேசிக்கொள்வது. கொலை சிறுவனைப் பெரியவனாக்கிவிடவில்லை. அவன் அஞ்சுகின்றான், தாயை எண்ணி ஏங்குகின்றான். இந்நாவலை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் இயக்கிய ‘அசுரன்’ (2019) திரைப்படத்தில் கதையின் நடு தந்தைக்கு இடம் மாறியது. தந்தையின் இளமைக்கென ஒரு தனிக் கதை சேர்ந்தது. மகன் காக்கப்பட வேண்டியவனாக ஒதுங்கினான். பெருந்திரளான இளையோர் படத்தைக் கண்டனர். தம் வயதினன் ஒருவனை நடுவில் வைத்த நாவல் ஒன்று இதற்குப் பின்னால் இருக்கின்றது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு பரிந்துரையாளருடையது.

‘வெக்கை’யை எல்லார்க்கும் கொடுத்துவிடலாம் என்பது இதன் பொருளன்று. சாதியும் நிலமும் தொடுக்கும் வன்முறையை அறிந்த வாசகரும் அறியாத வாசகரும் இதனை ஒருபோலப் படிக்கப்போவதில்லை. சிலர் பழிவாங்கலை மட்டும் எடுத்துக்கொள்ளவும் கூடும். குறிப்பு அதனை மறைக்காமல் கூற வேண்டும். ‘கொலையில் தொடங்கும் நாவல், கொன்றவன் உன் வயதினன், அவன் சரியா தவறா என்று நூல் தீர்ப்பளிப்பதில்லை, தந்தையுடன் பேச்சற்றுப் போனவர்கள் படிக்கலாம்’ என்பது போன்ற குறிப்பு ‘15+’ என்னும் எண்ணைவிட மிகுதியாகச் சொல்லும். இவ்வாறு எழுதப் பரிந்துரையாளர் நூலை முழுமையும் படித்திருக்க வேண்டும் என்பதோர் இடர்ப்பாடு. பின்னட்டையைப் பார்த்து எழுதப்படும் பட்டியல்கள் இதற்கு இணங்கா.

கதைசொல்லி யார், கதைக்குள் மாறுபவர் யார், இளம் பாத்திரத்தின் உள்ளம் உள்ளிருந்து காட்டப்படுகின்றதா புறத்திருந்தா என்னும் வினாக்களை எடுத்துரைப்பியல் ஆய்வுகளில் நாம் நாள்தோறும் கையாள்கின்றோம். பெரியவர்க்கான புனைவில் செலவிடும் அவ்வுழைப்பைச் சிறார் நூலுக்குச் செலவிடுவது தகுதிக் குறைவு என்னும் எண்ணம் துறைகளில் இன்னும் நீங்கவில்லை. பரிந்துரைக் குறிப்பைத் திறனாய்வின் ஒரு வகையாக ஏற்காததன் விளைவே அதனை எண்ணாகச் சுருக்கியது.

அம்மாணவிக்கு எழுதிய குறிப்பை இன்று திருத்துவதானால், ‘ஆயிஷா’வின் கேட்போர் என்னும் இடத்தில் ‘ஆசிரியர்’ என்றே எழுதுவேன். மாணவர்க்குக் கொடுப்பதாயின் ஆசிரியர் அதே வாரத்தில் உடன் படித்து, வகுப்பில் அதனைப் பற்றி முதலில் தாம் பேச வேண்டும் என்று அதன்கீழ் ஒரு வரி சேர்ப்பேன்.