இரத்தக்காட்டேரிக் காதல்: ரசிப்பதும் திறனாய்வதும்

'பேய்க்காதல் கதையெல்லாம் இலக்கியமா?' என்று கேட்டு ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்டெபனி மேயர் எழுதி 2005-இல் வெளிவந்த 'டுவைலைட்' நாவலையே எடுத்துக்கொள்வோம். பதினேழு வயது பெல்லா, அமெரிக்காவில் மழை அதிகம் பெய்யும் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு வருகிறாள். உடன் படிக்கும் எட்வர்ட் மீது காதல் கொள்கிறாள். அவனோ இரத்தக்காட்டேரி!

இந்த நாவல் ஏன் பிடிக்கிறது? கதையைப் பெல்லாவே சொல்கிறாள்; தன்மை நோக்குநிலை. அவள் நெஞ்சு படபடத்தால் நமக்கும் படபடக்கிறது. நாவலின் பலம் இது.

பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. எட்வர்ட் இரவில் அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னர் தெரியவந்ததும் பெல்லா பூரித்துப் போகிறாள். நாமும் தலையாட்டி விடுகிறோம். பக்கத்து வீட்டுப் பையன் இப்படிச் செய்தால் சும்மா விடுவோமா?

2020-இல் வந்த 'மிட்நைட் சன்' இதே கதையை எட்வர்ட் வாயிலாகச் சொல்கிறது. முதல் நாள் வகுப்பறையிலேயே பெல்லாவைக் கொல்ல அவன் மனத்துக்குள் திட்டம் போடுகிறான். சம்பவம் ஒன்றுதான், சொல்பவர் மாறியதும் திகில் கூடிவிடுகிறது.

ஆகவே சோதனையில் 'கதை நன்றாக இருந்தது' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். கதையை யார் சொல்கிறார், அவர் கண்ணுக்கு எது தப்பிப் போகிறது என்று கேளுங்கள். ஒரு காட்சியைச் சான்றாகக் காட்டுங்கள். அப்புறம் உங்களுக்குப் பிடித்ததையும் தாராளமாகச் சொல்லுங்கள்.