சாம்பல் நிற முட்டை

எலிசபெத் டேவிட்டின் 'ஒரு ஆம்லெட்டும் ஒரு கோப்பை ஒயினும்' (1984) தொகுப்பைத் தலைப்புக்காகத்தான் வாங்கினேன். காலை முட்டையில் ஒயின் ஊற்றிச் சமைக்கும் வித்தை உள்ளே இருக்கும் என்று நினைப்பு. தலைப்புக் கட்டுரையில் ஒயின் முட்டைக்குள் போகவே இல்லை. பக்கத்தில், கோப்பையில், சும்மா நிற்கிறது.

ஆனால் அது நல்ல கட்டுரை. பிரான்சின் மோன் சான் மிஷேல் தீவில் விடுதி நடத்திய அன்னெத் பூலாரின் ஆம்லெட் உலகப் புகழ் பெற்றது. அதன் ரகசியம் என்ன என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். கடைசியில் ஒருவர் அவரையே கேட்க, 1922இல் பதில் கடிதம் வருகிறது. நல்ல முட்டையை நன்றாக அடி, நல்ல வெண்ணெயைப் போடு, சட்டியை ஆட்டிக்கொண்டே இரு. அவ்வளவுதான்! ரகசியமே இல்லை என்பதை இவ்வளவு சுவாரஸ்யமாகச் சொல்ல டேவிட்டால்தான் முடியும்.

என் புகார் வேறு. ஒயினில் நிஜமாகவே வேகும் முட்டை ஒன்று உண்டு, பர்கண்டியின் மொரெத் முட்டை. பன்றி இறைச்சித் துண்டுகள், சின்ன வெங்காயம், சிவப்பு ஒயின் எல்லாம் சேர்ந்த குழம்பு. கீழே பூண்டு தேய்த்து வறுத்த ரொட்டி. அந்த ஊரில் இதை மதியச் சாப்பாட்டின் தொடக்கமாகச் சாப்பிடுவார்கள். காலை மேசைக்கு இழுத்து வந்தது பிரஞ்ச் மோகம் பிடித்த நம்மைப் போன்றவர்கள்தான். சமையல் புத்தகப் படங்களில் கருஞ்சிவப்புக் குழம்பின் மேல் முட்டை பால்வெள்ளையாக மின்னும்.

பழைய முறைப்படி முட்டையை ஒயினிலேயே உடைத்து ஊற்றினேன். வெளியே எடுத்தால் ஊதாவும் சாம்பலுமாக, காயம்பட்டு கன்றிப்போன தோல் மாதிரி ஒன்று. ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று குப்பையில் கொட்டினேன். பாதி பாட்டில் ஒயின் போச்சு.

தப்பு என்னுடையது இல்லை. வெள்ளைக்கரு காரத்தன்மை உள்ளது. சிவப்பு ஒயினின் சாயம் காரம் பட்டால் நீலத்துக்கும் சாம்பலுக்கும் திரும்பும். படத்தில் இருந்த முட்டை தண்ணீரில் தனியாக வெந்தது. குழம்பு அப்புறம் வந்து சேர்ந்தது. ஜூலியா சைல்ட் 1961லேயே முட்டையைச் சிவப்பு ஒயினில் வேகவைக்கச் சொல்லிவிட்டார், அவர்மேல் குறையில்லை. படம் எடுப்பவர்கள்தான் செய்முறையைத் திருத்திவிட்டு நம்மிடம் சொல்லாமல் விடுகிறார்கள்.

இன்னொன்று, 'கொதித்தால் சாராயம் போயிடும்' என்ற வழக்கமான சமாதானம். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 15 நிமிடம் கொதித்த பிறகும் சுமார் 40 சதவீதம் தங்கும், இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு 5. ஒயினைக் குடிக்காதவர்களுக்குப் பரிமாறும்போது இதைச் சொல்லாமல் விடுவது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

பிறகு இரண்டு முறையிலும் செய்து பார்த்தேன். ஒயினில் வெந்த வெள்ளைக்கருவில் லேசான புளிப்பு. மஞ்சள் கரு உடைந்து வழிந்ததும் அதுவும் அடங்கிவிடுகிறது. உண்மையைச் சொன்னால், ருசியில் இருந்த வித்தியாசம் என் கோபத்தைவிடச் சின்னது. தனியாகச் சாப்பிடும்போது சாம்பல் முட்டைதான். போன ஞாயிறு நண்பர்கள் காலைச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். தண்ணீரில் வேகவைத்தேன்.