தள்ளுபடி யாருக்கு?

எம்.ஏ. வகுப்பில் அரங்கேற்றுகாதை நடத்தும்போது ஆடல், யாழ், தலைக்கோல் என்று நாள்கணக்கில் விளக்கினார்கள். கூனி வருகிற இடத்தை மட்டும் ஒரே மூச்சில் தாண்டிவிட்டார்கள். எனக்கு அந்த இடந்தான் முக்கியம்.

மாதவிக்கு வயது 12. சோழன் முன்னால் ஆடித் தலைக்கோலும் 1008 கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். அதே 1008 கழஞ்சு பெறுமான மாலை ஒன்றோடு, பணக்கார வாலிபர்கள் உலாத்துகிற தெருவில் கூனி விற்பவள்போல நிற்கிறாள். மாலையை வாங்குகிறவனுக்கு மாதவி. ஒளிவுமறைவு கெடையாது, பேரம் கெடையாது. விளம்பரம்னா இது விளம்பரம். ஆனால் விலையைச் சொன்னது மாதவி இல்லை. சொத்து கரைந்தபிறகு கண்ணகி முன்னால் கோவலன் அவளை வஞ்சக்காரி என்கிறான். தெரிந்தே 1008 கொடுத்தவன் ஏமாந்தவனாகிவிட்டான்! (பிறகு அவள் கடிதத்தைப் படித்துத் தன் குற்றந்தான் என்று ஒத்துக்கொள்கிறான். அதற்குள் புகாரையே விட்டு வந்தாயிற்று.)

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையில் அம்மாளுவுக்குக் கிடைத்தது முக்கால் ரூபாய். கற்புக் கூச்சலைக் குத்திக்காட்டிய கதை, கொண்டாட வேண்டியதுதான். ஆனாலும் தொகையைச் சொல்வது கதைசொல்லி. அம்மாளு எவ்வளவு கேட்டாள், சந்துக்குள் வந்தவன் எவ்வளவு குறைத்தான் என்பது கதையில் இல்லை.

நம்ம பொம்பளைகளுக்கு அந்த விலைகூடக் கெடையாது, தண்டந்தான். பாமாவின் 'சங்கதி'யில் வருகிற மாரியம்மா கூலிக்காரி. இந்தத் தொழிலுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. பம்புசெட்டில் தன்மேல் கைவைத்த நிலக்காரனிடமிருந்து தப்பி ஓடுகிறாள். அவன் முந்திக்கொண்டு, அவளும் மாணிக்கமும் தப்பு செய்ததாகப் பழி கட்டுகிறான். ஊர்க்கூட்டம் அவளுக்கு 200 ரூபாய், மாணிக்கத்துக்கு 100 ரூபாய் என்று தண்டம் போடுகிறது. நிலக்காரனுக்குச் சல்லிக்காசு இல்லை.

இந்தப் பாதிக் கணக்கு சட்டப் புத்தகத்திலும் இருக்கு. 1956ஆம் வருஷத்து விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் தொழிலுக்கு அழைப்பது குற்றம். முதல் தடவை மாட்டுகிற பெண்ணுக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே குற்றத்தை ஆண் செய்தால் 3 மாதத்துக்கு மேல் போகாது. ஆணுக்கு 7 நாளுக்குக் குறையாமல் உண்டே என்று வக்கீல்கள் சொல்லலாம். மேல்வரம்பில் பாதி கழிந்தது கழிந்ததுதானே. பாலியல் தொழிலாளிகளுக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொன்னது. 8ஆம் பிரிவு அப்படியே இருக்கு.

இப்போ கைப்பேசியில் 'பாதி விலை', 'முதல் தடவைக்குச் சலுகை' என்றெல்லாம் விளம்பரம் வருது. ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி போட்டால் சரக்கு தேங்கியிருக்கு என்று அர்த்தம். இங்கே என்ன தேங்கிக் கெடக்கு? தரகன் தன் பங்கை விடுவானா? குறைகிற ரூபாய் அவள் கைக்காசிலிருந்துதான் கழியணும். இல்லாட்டி ஆணுறை இல்லாமல் முடியாது என்று சொல்கிற அவள் தெம்பிலிருந்து கழியணும். இன்னொரு தந்திரம், கதவைச் சாத்தினபிறகு அதுக்குத் தனி, இதுக்குத் தனி என்று ஏற்றுவது. விளம்பரம் போட்டவன் எங்கேயோ இருப்பான். வந்தவனிடம் ஏச்சும் அடியும் வாங்குவது அவள். தரகன் இல்லாமல் தானே தொழில் பார்க்கிறவள் தன் ரேட்டை முன்னாடியே சொல்லி, அதிலேயே நின்றால் 'கறார்க்காரி' என்கிறார்கள். கடைக்காரன் நின்றால் அதுக்குப் பேர் நாணயம்.

இந்தக் கணக்கைக் கூனியும் கதைசொல்லியும் இல்லாமல் தன் வாயாலேயே சொன்னவர் நளினி ஜமீலா. 2005இல் மலையாளத்தில் வந்து பெரிய சர்ச்சையான அவருடைய சுயசரிதை தமிழிலும் கிடைக்கிறது. கண்ணீரைத் தேடுகிறவர்களுக்கு அந்தப் புத்தகம் ஏமாற்றந்தான். புருஷன் செத்தபிறகு பிள்ளைகளை வளர்க்க மாமியார் கேட்டது நாளைக்கு 5 ரூபாய். கூலியில் அது கட்டவில்லை, தொழிலுக்கு வந்தேன் என்கிறார். முதலில் வந்த ஆள் ஒரு போலீஸ் அதிகாரி. அங்கிருந்து வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டு போய் அடித்ததும் போலீஸ்தான்.