வர்மாவின் இயற்பியல் நூலும் நுழைவுத் தேர்வும்

மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்ந்த மாணவர்களின் பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நுழைவுத் தேர்வுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம், சார்?" பல ஆண்டுகளாக நான் கூறிவந்த விடையும் ஒன்றுதான். எச்.சி. வர்மா ஆங்கிலத்தில் எழுதிய 'கான்செப்ட்ஸ் ஆஃப் பிசிக்ஸ்' என்னும் நூலையே குறிப்பிடுவேன். இரு தொகுதிகளாக, 1992இல் வெளிவரத் தொடங்கி, இன்றும் கடைகளில் குறையாமல் விற்கும் நூல் இது. என் விடை எல்லோருக்கும் பொருந்துமா என்ற ஐயம் அண்மையில் எழுந்தது. எனவே நூலின் நிறைகுறைகளை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் நிறைகள். நியூட்டன் விதிகளைப் பற்றிய அத்தியாயம் ஒன்றே இந்நூலின் பெருமைக்குச் சான்று. எப்பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்க. அதன்மீது செயல்படும் விசைகளைப் பட்டியலிடுக. தனித்த பொருளின் விசைப்படத்தை வரைக. பின்னர் அச்சுகளைத் தேர்ந்து சமன்பாடுகளை எழுதுக. இவ்வாறு நான்கு படிகளில் ஆசிரியர் மாணவனைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறார்.

இதன் அருமை வகுப்பறையில்தான் விளங்கும். மேசைமேல் ஒரு புத்தகம் இருக்கிறது. அதன் எடைக்கு எதிர்விசை எது என்று கேட்டால், மேசை மேல்நோக்கித் தரும் செங்குத்து விசை என்றே பெரும்பாலான மாணவர் கூறுவர். இது தவறு. விசையும் எதிர்விசையும் ஒரே பொருளின்மீது செயல்படமாட்டா. புவி புத்தகத்தை ஈர்ப்பதே எடை. ஆகவே புத்தகம் புவியை ஈர்ப்பதே அதன் எதிர்விசை. விசைப்படம் வரைந்து பழகியவன் இத்தவற்றைச் செய்யமாட்டான். சூத்திரங்களை மட்டும் அடுக்கித் தரும் வழிகாட்டி நூல்களால் இத்தெளிவு வராது.

ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் சிறுவினாக்கள், ஒரே விடை சரியாக உள்ள வினாக்கள், ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய வினாக்கள், பயிற்சிக் கணக்குகள் என நான்கு வகை உண்டு. கணக்குகளுக்கு விடை மட்டுமே தரப்பட்டுள்ளது, செய்முறை இல்லை. சிலர் இதைக் குறையாகக் கூறுவர். நான் நிறை என்பேன். வழியைத் தானே தேடும்போதுதான் இயற்பியல் மாணவனுக்குச் சொந்தமாகிறது.

இனிக் குறைகளுக்கு வருவோம். இந்நூலை வாங்குமாறு நான் கூறிய மாணவி ஒருத்தி, தமிழ்வழியில் படித்தவள். மருத்துவம் பயில விரும்பியவள். நூலின் முதல் பத்து அத்தியாயங்களில் ஒரு கணக்கையும் விடாமல் ஓராண்டு போராடினாள். தேர்வில் அவளுக்குப் போதிய மதிப்பெண் கிடைக்கவில்லை. விடைகளை அவளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். விசையியலில் பிழையே இல்லை. ஒளியியலும் மின்னியலும் பாதி வெறுமையாக இருந்தன. உயிரியலுக்கோ அவள் நேரமே ஒதுக்கவில்லை.

குறை அவளுடையது அன்று. எந்தத் தேர்வு என்று கேளாமலே நூலைச் சொன்ன என்னுடையது.

2025ஆம் ஆண்டின் நீட் தேர்வை எடுத்துக்கொள்வோம். 180 நிமிடங்களில் 180 வினாக்கள். வினாவுக்கு ஒரு நிமிடம். இயற்பியலுக்கு 45 வினாக்கள்தாம், உயிரியலுக்கு 90. மொத்தம் 720 மதிப்பெண்ணில் பாதி உயிரியலுக்கே உரியது. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறையும். வர்மாவின் ஒரு கணக்கோடு அரைமணி நேரம் போராடுவது நல்ல கல்வியே. ஆனால் ஒரு நிமிடத்தில் விடை காண்பது வேறொரு பயிற்சி.

வழவழப்பான சாய்தளத்தில் ஒரு கட்டை வழுக்கி இறங்க ஆகும் நேரத்தைக் கேட்கிறார்கள் என்க. கோணம் சுழியை நெருங்கினால் கட்டை நகராது. நேரம் எல்லையின்றிப் பெருகவேண்டும். இதற்கு ஒத்துவராத விடைகளைக் கணக்கிடாமலே நீக்கிவிடலாம். நான்கில் இரண்டை நீக்கிவிட்டு மீதியில் ஒன்றைக் குறித்தால், சராசரியாக வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் கிடைக்கும். எதையும் நீக்காமல் குருட்டாம்போக்கில் குறித்தால் கிடைப்பது கால் மதிப்பெண்ணே. இத்தகைய பழக்கத்திற்கு நேரம் குறித்துப் பழைய வினாத்தாள்களை எழுதிப் பார்ப்பதே வழி. இந்நூல் அதற்காக எழுதப்பட்டதன்று.

ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக உள்ள வினாவகை நீட் தேர்வில் இல்லை, ஐ.ஐ.டி. சேர்க்கைக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் உண்டு. அத்தேர்வுக்கே இந்நூல் மிகப் பொருந்தும். ஆனால் அதன் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. முதற்கட்டமான ஜே.இ.இ. மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வுக்கோ நுழைவுத் தேர்வே இல்லை. 2007 முதல் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே அளவுகோல். அங்குச் சேர விரும்பும் மாணவன் இந்த நூலுக்காகப் பாடநூலைப் புறக்கணிப்பது அறியாமை.

மொழித் தடையையும் சொல்லவேண்டும். நிலைமத் திருப்புத்திறனை நன்கறிந்த தமிழ்வழி மாணவன், 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' என்று படிக்கும்போது புதிய பாடம் என்று மருள்கிறான். பாடம் பழையது, பெயர்தான் புதியது. ஒரு குறிப்பேட்டில் இருமொழிச் சொற்களையும் எதிரெதிரே எழுதிவந்தால் சில வாரங்களில் இத்தடை நீங்கும். நீட் வினாத்தாளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் முரண்பாடு இருந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. ஆகவே அங்கும் இக்குறிப்பேடு உதவும்.

என் பரிந்துரை இது. பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்திலேயே தேர்வைத் தெரிவு செய்க. மருத்துவத்தை நாடுவோர் பாடநூலை முழுமையாகக் கற்று, வர்மாவின் நூலில் விசைகள், வேலையும் ஆற்றலும், சுழற்சி ஆகிய பகுதிகளின் விளக்கங்களையும் மாதிரிக் கணக்குகளையும் மட்டும் படித்தால் போதும். இன்றைய நீட் பாடத்திட்டத்தில் இல்லாத ஒளிச்செறிவு அளவியல் போன்ற அத்தியாயங்களை விட்டுவிடலாம். ஐ.ஐ.டி.யை நாடுவோர் நூலை முழுதும் பயில்க.

அம்மாணவி இன்று இளநிலை இயற்பியல் பயில்கிறாள். அவள் வரையும் விசைப்படங்களை வகுப்பில் பிறருக்குக் காட்டுகிறார்கள். நூல் அவளுக்கு இயற்பியலைக் கற்றுத் தந்துவிட்டது. தேர்வைப் பற்றி உரிய காலத்தில் சொல்லவேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்களே.