தலைக்கு மேலே போவது யார்?

விமானங்களின் சிக்னலைப் பிடிக்கும் வீட்டு ரிசீவரைப் பொருத்தியதும் எல்லோரும் வரைபடத்தைத்தான் பார்ப்பார்கள். குட்டி விமானங்கள் ஊர்ந்து போகும். அழகுதான், ஆனால் சில நாளில் அலுத்துவிடும். அலுக்காதது ஓரத்தில் ஓடும் பட்டியல். அதைப் படிக்கவும் குறித்து வைக்கவும் பழகுங்கள்.

கருவி எளிது. கணினியில் டிவி பார்க்க வந்த ஆர்டிஎல் டாங்கிள் போதும். விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டு பறக்கின்றன. அதைப் பிரித்துத் தரும் டம்ப்1090 என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆன்டெனாவை மட்டும் மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். நாற்புறமும் மறைப்பில்லாவிட்டால், 35,000 அடியில் பறப்பது சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி வரும்போதே தெரியத் தொடங்கும்.

பட்டியலில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. என் கணக்கில் இந்தப் பொழுதுபோக்கின் உயிரே அதுதான். 80 முதல் 83 வரை தொடங்கினால் இந்தியப் பதிவு, 896 என்றால் அமீரகம். பயண எண் காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. இந்தக் குறியீடு மாறாது. விஸ்தாரா விமான நிறுவனம் 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது, விஸ்தாராவின் அழைப்புப் பெயர் ஒரே நாளில் வானத்திலிருந்து மறைந்தது. விமானங்களோ அதே குறியீட்டோடு பறந்துகொண்டிருந்தன. பயண எண்ணை மட்டும் எழுதி வைத்தவருக்கு அங்கே கதை முடிந்தது. குறியீட்டை எழுதியவரின் நோட்டில் அது தொடர்கிறது. பெரும்பாலும் வேறு நாட்டில் பதிவானால்தான் குறியீடு மாறும்; அப்போதும் தயாரிப்பாளர் கொடுத்த வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்தொடரலாம். ஆகவே நோட்டில் தேதி, நேரத்துக்கு அடுத்தபடியாகக் குறியீட்டை எழுதுங்கள். பயண எண், உயரம், திசை எல்லாம் அதற்குப் பிறகு. சில வாரங்களில் திரும்பத் திரும்ப வருபவை பழகிவிடும். புதிதாய் ஒன்று வந்தால் கண் தானாகவே அங்கே நிற்கும்.

அடுத்து உயரம். நெடுந்தூர விமானம் 33,000, 35,000, 37,000 என்று ஒற்றைப்படை ஆயிரத்தில் இருந்தால் பெரும்பாலும் கிழக்கே போகிறது. 34,000, 36,000 என்றால் மேற்கே. எதிரெதிரே வருபவை ஒரே மட்டத்தில் சந்திக்காமலிருக்க உலகின் பெரும்பகுதி பின்பற்றும் ஏற்பாடு இது. துபாயிலிருந்து கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ நேர்வழி சென்னைப் பக்கமாகத்தான் போகிறது. அவ்வழியே இரவில் வருபவற்றின் உயரத்தை மட்டும் பார்த்துத் திசையைச் சொல்லிப் பாருங்கள், பிறகு வரைபடத்தைத் திறங்கள்.

சில விமானங்கள் உயரம் சொல்லும், இடம் சொல்லாது. பழைய கருவி கொண்டவையாகவோ ராணுவத்தைச் சேர்ந்தவையாகவோ இருக்கலாம். வரைபடத்தில் வரவில்லையே என்று அவற்றை விட்டுவிடாதீர்கள். அபூர்வமானவை பலவும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கும்.

தரையிறங்க வரும் விமானங்களில் இன்னொரு நயம் இருக்கிறது. அவை அனுப்பும் உயரம் காற்றழுத்தத்தை 1013 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துப் போட்ட கணக்கு. கோடையில் சென்னையின் அழுத்தம் 1003 அளவுக்கு இறங்கும் நாளில், பட்டியல் உண்மை உயரத்தைவிட ஏறத்தாழ 300 அடி கூட்டிக் காட்டும். வானிலைத் துறை தரும் அழுத்தத்தை நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்தால் அந்த வித்தியாசத்தை நீங்களே கழித்துக்கொள்ளலாம்.