மணிமேகலையில் கடல்கோள் நினைவு

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல்கொண்ட செய்தியை மணிமேகலை ஒரு முறையன்றிப் பலமுறை கூறுகின்றது. அதனை வரலாற்றுக் குறிப்பாகக் கொண்டு காலம் கணிக்க முயன்றோர் பலர். யாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறொன்று. கடற்கரை மக்கள் அவ்வழிவை எவ்வாறு நினைவிற்கொண்டனர் என்பதற்கு இக்காப்பியம் தரும் சான்று யாது?

பீலிவளை ஈன்ற மகனை மணிபல்லவத்தில் ஏற்றுக்கொண்ட கம்பளச்செட்டியின் கலம், அன்றிரவே கரைக்கு அணித்தாக உடைகின்றது. குழவியைக் காணாத சோழன் கானலும் கரையும் தேடித் திரிய, இந்திர விழா மறக்கப்படுகின்றது. மணிமேகலா தெய்வம் நகரைக் கடல்கொள்ளுமாறு சபிக்கின்றது. இதனைத் தீவதிலகை மணிபல்லவத்திலும், அறவண அடிகள் கச்சியிலும் கூறுகின்றனர். இருவரும் நகருக்கு அப்பால் நின்றே பேசுகின்றனர். அலை எழுந்தவாறோ மக்கள் மாண்டவாறோ விரித்துரைக்கப்படவில்லை. மகனை இழந்த தந்தையின் அலைச்சலே விரிகின்றது.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. சாத்தனார் பௌத்தர். பிறவிதோறும் வினை தொடர்தலை நூல் முழுதும் வற்புறுத்துபவர். நிலையாமையை உணர்த்த ஒரு மாநகரின் அழிவினும் சிறந்த வாய்ப்பு வேறில்லை. அவ்வாறிருந்தும், விழா நின்றமையால் விளைந்த சாபத்தையே அவர் காரணமாக முன்னிறுத்துகின்றார். விழாவறை காதையிலோ, விழாவை மறந்தால் இடர் செய்வது நாளங்காடிப் பூதம் என்றே கூறப்பட்டது. ஆண்டுக் கடலுக்கு இடமில்லை. இம்முரணைப் புலவரின் சோர்வு என ஒதுக்குதல் பொருந்தாது. பட்டினத்தார் தமக்குள் வழங்கிய கதையைத் தம் சமயத்திற்கேற்பத் திருத்தாமல் அவர் ஏற்றுக்கொண்டார் எனக் கருதுவதே தகும்.

சபித்த தெய்வத்தின் இயல்பும் இதனை வலியுறுத்தும். கலம் உடைந்து எழுநாள் கடலில் இடருற்ற கோவலன் முன்னோனைக் காத்தது இத்தெய்வமே. மகாசனக சாதகத்தில் எழுநாள் நீந்திய இளவரசனைக் காப்பதும் இப்பெயருடைய தெய்வமே. தாய்லாந்து, கம்போடிய நாட்டியங்களில் அவள் மணியை ஏந்தி மின்னலாகின்றாள். இராமசூரன் வீசும் கோடரி இடியாகின்றது. காப்பவளே அழிப்பவளும் ஆதல் கடலோடிகள் கடலிற் கண்ட உண்மையன்றோ!

நகர் முற்றும் அழிந்ததெனவும் கொள்ளற்க. ஏழாம் நூற்றாண்டிற் சம்பந்தர் இப்பட்டினத்துப் பல்லவனீச்சரத்தைப் பாடியுள்ளார். பல பெருக்குகளின் நினைவு ஒரு சாபத்துள் திரண்டிருத்தல் கூடும்.

ஆயினும் இந்நினைவு அரசனையும் வணிகனையும் சுற்றியது. கடலோடு நாளும் பழகிய பரதவர் இவ்வழிவுக் கதையிற் பெயரளவிற்கும் இடம்பெறவில்லை. அவர்தம் வாய்மொழி வழக்குகளைக் கரையூர்தோறும் சென்று தொகுத்த பின்னரே இவ்வாராய்ச்சியின் மறுபாதி எழுதப்பெறும்.